பிஸ்டனில் பேஸ்ட் தடவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடான காற்றால் ஓடும் சிறிய ஸ்டிர்லிங் என்ஜினை வீட்டிலேயே செய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1816-ல் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை பெற்ற என்ஜினைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு ஸ்பிரிட் விளக்கை வைத்து ஓட்டிப் பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் பிஸ்டன் இறுக்கமாக இருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் (உலோகத்தைத் தேய்க்கும் துகள் கலந்த பசை) தடவி சிலிண்டருக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். கோவையில் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையிலேயே காலம் தள்ளியவன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பேஸ்டில் இருக்கும் கார்பரண்டம் என்ற கடினமான துகள், பிஸ்டன், சிலிண்டர் இரண்டில் எது மென்மையோ அதில் போய்ப் பதியும். பதிந்த இடத்தில் இருந்துகொண்டே எதிரில் இருப்பதை அராவும். பித்தளை சிலிண்டரில் வார்ப்பிரும்பு பிஸ்டனைப் போட்டு இப்படி ஓட்டினால் சிலிண்டரே உப்புத்தாளாகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெயில் எவ்வளவு கழுவினாலும் துகள் முழுதாக வராது. லேப்பிங், அதாவது பேஸ்டால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது, செய்ய வேண்டும்தான், ஆனால் அதற்குத் தனியாக ஒரு லேப், அதாவது தேய்க்கும் கருவி, வேண்டும். சிலிண்டரைவிட மென்மையான உலோகத்தில் ஒரு தண்டைக் கடைந்து, நீளவாக்கில் பிளவு போட்டு, திருகு வைத்து விரிக்கிற மாதிரி செய்துகொண்டால் போதும். துகள் லேப்பில் பதியட்டும். பிஸ்டனுக்கு இதேபோல் வளைய வடிவில் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக முடித்து, நன்றாகக் கழுவிய பிறகே ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும்.

பிஸ்டன் முதலில் ஏன் இறுக்குகிறது என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை. பெரும்பாலும் காரணம், லேத்தில் துண்டைப் பிடித்துச் சுற்றும் ‘சக்’தான். மெல்லிய சிலிண்டரை மூன்று தாடை உள்ள த்ரீ ஜா சக்கில் இறுக்கிப் பிடித்து போரிங் செய்தால் (உள்துளையைக் கடைந்தால்), சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாகத்தான் இருக்கும். கழற்றியதும் உலோகம் பழைய நிலைக்குத் திரும்பும், துளை மூன்று பக்கமும் லேசாகப் பிதுங்கிவிடும். எதிரெதிராக இரண்டு புள்ளிகளை மட்டும் அளக்கும் கருவிக்கு இது தெரியாது. எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். அளவு சரியாக இருக்கிறது, பிஸ்டன் மட்டும் சிக்குகிறது என்று பையன் தலையைச் சொறிவான். கொஞ்சம் நீளமான துண்டாக எடுத்து, தடித்த முனையில் பிடித்து, உள்பக்கத்தை முடித்துவிட்டுக் கடைசியில் அறுத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கடைசி வெட்டு முடிந்ததும் வெட்டும் டூலின் ஆழத்தை மாற்றாமல் அதே அளவில் இன்னொரு முறை ஓட்டுவதும் நல்லது.

இந்த என்ஜினில் வெடிப்பு கிடையாது. சூடான காற்று விரிந்து தள்ளுகிற விசை மிகக் குறைவு. பெட்ரோல் என்ஜின் கண்டுகொள்ளாத உராய்வே இதை நிறுத்திவிடும். அதனால் கெட்டியான எண்ணெயும் ஆகாது. வார்ப்பிரும்பில் கிராஃபைட் இருப்பதால் பிஸ்டன் உலர்ந்தே ஓடும். பொருத்தம் பார்க்க எளிய வழி உண்டு: சிலிண்டரை நிமிர்த்தி, அடியை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனை மேலே போடுங்கள். காற்றின் மேல் அது நிற்க வேண்டும், அல்லது மெல்ல இறங்க வேண்டும். விரலை எடுத்ததும் தன் எடையிலேயே தடையில்லாமல் விழ வேண்டும். வேலை முடிந்த சூட்டோடு இதைப் பார்க்காதீர்கள். 20 மி.மீ. பித்தளைத் துளை சூடு 10 டிகிரி கூடினால் சுமார் 4 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு அதில் பாதியை ஒட்டித்தான்.

வெளிப்பக்கத்தைக் கண்ணாடி போல மினுக்குவது அவரவர் ஆசை, ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கட்டுரையோடு வந்த அந்தப் படம்! மாணவர் கையுறை போட்டுக்கொண்டு, ஓடுகிற லேத்தில் எமரி துணியை (உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் துணி) விரலில் சுற்றிப் பிடித்திருக்கிறார். துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எமரி தூள் லேத்தின் அடித்தளமான ‘பெட்’டையும் தின்னும், அதன் மேலே ஏதாவது விரித்திருக்கலாம். உங்கள் பழைய இதழே போதும்.

பேஸ்ட் விஷயத்தையும் அந்தப் படத்தையும் பற்றி அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பள்ளிக் கண்காட்சிகளுக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.