திற்பரப்பில் தடை என்றால் நாகர்கோவிலிலேயே சொல்லுங்கள்

குமரி மாவட்டத்தில் அணையையும் அருவியையும் சுற்றுலாவையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் கோதையாறு பெருகுவதும் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வருவதும் உங்களுக்குப் புதிதல்ல. தடையை நான் குறை சொல்லவில்லை, உயிர்தான் முக்கியம். ஆனால் அந்தத் தடை, அருவி வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிய வேண்டுமா?

தீபாவளி விடுமுறைக்குக் கரூரிலிருந்து அண்ணனும் மயினியும் மயினியின் அம்மாவும் வந்திருந்தார்கள். மலையும் கடலும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று காட்டுக்குள் இருக்கும் காளிகேசம், திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சாயங்காலம் தேங்காய்ப்பட்டணம் கடற்கரை எனத் திட்டம் போட்டோம். காளிகேசம் செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, அருவியாவது இருக்கிறதே என்று குலசேகரம் பக்கம் வண்டியை விட்டோம். முன்னால் வரிசையாக டாரஸ் எனும் கனரக லாரிகள், ரோடெல்லாம் குழி, குழியெல்லாம் தண்ணீர். முட்டுவலிக்காரரான அந்த அம்மா ஒவ்வொரு குழிக்கும் முன் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அருவியில் ஒரு தடவை தலை நனைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மாற்றுச் சேலையைப் பையில்கூடப் போடாமல் மடியிலேயே வைத்திருந்தார். வாசலில் கயிறு கட்டியிருந்தது. “காலையிலயே தடை போட்டாச்சே” என்றார் காவலுக்கு நின்றவர். அப்போது மணி மதியம் ஒன்றைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் போகும் மறுகால் திறந்தால் அந்தத் தண்ணீர் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்புக்குத்தான் வரும். அதனால்தான் கரையோர மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறீர்கள், நல்ல காரியம். அதே செய்தியை ஊருக்கு வருகிறவர்களுக்கும் சொல்ல என்ன தடை? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகும் இப்படித்தான். கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது, படகு ஓடாது என்று, வெயிலில் வரிசையில் நின்றவர்களிடம் கடைசியில் சொல்கிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பது தெரிந்திருப்பதால் யாரும் அன்றைக்குப் போய் ஏமாறுவதில்லை. தெரிந்தால் மனிதர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான் விஷயம்.

77 மீட்டர் நீளத்துக்குக் கடலில் கண்ணாடிப் பாலம் கட்ட முடிந்த நமக்கு, சந்திப்பில் ஒரு பலகை வைக்க முடியாதா? லாரி ஓடி உடைந்த மலையோரச் சாலைகளை யார் சரி செய்வது? கோபத்தில் வேறு எங்கோ போகிறேன், மன்னிக்கவும்.

கேட்பது ஒன்றுதான். தினமும் காலை ஆறு மணிக்குள் அருவி, காளிகேசம், படகு மூன்றும் திறந்திருக்கிறதா என்று வடசேரி, ஆரல்வாய்மொழி, களியக்காவிளை, குலசேகரம் சந்திப்புகளில் எழுதி வையுங்கள். கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். இடையில் நிலைமை மாறினால் உடனே பலகையையும் மாற்றச் சொல்லுங்கள்.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்துவிடும். அதற்குள் இதைச் செய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில்வாசி ஒருவர்