செயலாளரின் ஆண்டறிக்கை: சத்திர முற்றங்களின் பழம்படத் தொகுப்பு நிறைவேறிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இங்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் என் பணிவான வணக்கம். தென் லண்டனில் இயங்கிவரும் நமது சங்கத்தின் கடந்த ஓராண்டு நடவடிக்கைகள் பற்றிய இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஆறு தடவை கூடியது. பொங்கல் விழா வழமைபோல் நடைபெற்றது. கோடைக்கால ஒன்றுகூடலும் சிறுவர் சித்திரப் போட்டியும் குறைவின்றி நிறைவேறின. வாசகர் வட்டம் நான்கு தடவை கூடியது.

இவ்வாண்டின் பெரும் பணி, சென்ற பொதுக்கூட்டத்தில் என் பிரேரணையின் பேரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பழம்படத் தொகுப்பு ஆகும். புகையிரதம் வருவதற்கு முன் சாரட்டு வண்டிகள் வந்து நின்று புறப்பட்ட லண்டன் சத்திரங்களையும் அவற்றின் முற்றங்களையும் காட்டும் பழைய செதுக்கோவியங்கள், நீர்வண்ணச் சித்திரங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் திரட்டி, தமிழ்க் குறிப்புகளுடன் ஒரு தொகுதியாக்குவது என்பதே தீர்மானம். இது நமக்கு எதற்கு என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்தபடியால் சற்று விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நம்மில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாகச் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள சதர்க்கில் பரோ ஹை ஸ்ட்ரீட் வழியாக வேலைக்குப் போய்வருகிறோம். அத்தெருவின் கிழக்குப் பக்கத்தில் கிங்ஸ் ஹெட் யார்ட், வைட் ஹார்ட் யார்ட், டல்பட் யார்ட் என்று பெயர்ப்பலகை தாங்கி நிற்கும் ஒடுங்கிய சந்துகள் யாவும் ஒரு காலத்தில் சத்திரங்களின் வாயில்கள். 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை, தெற்கிலிருந்து வருபவர்கள் நகருக்குள் கால்வைக்க லண்டன் பாலத்தைத்தான் நம்பியிருந்தார்கள். பாலத்து வாயில் இரவில் அடைக்கப்பட்டதால், பிந்தி வந்தவர்கள் இக்கரையிலேயே தங்க நேர்ந்தது. அந்தத் தெருவில் இத்தனை சத்திரங்கள் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நம் பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரின் கதையை நம் மொழியில் எழுதி வைப்பது இந்தச் சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை என்பது எனக்கு விளங்கவில்லை.

தொகுதியில் இப்போது அறுபத்துநான்கு படங்கள் உள்ளன. குறிப்பு எழுதத் தொடங்கியவுடனேயே சொல் ஒன்றில் தடங்கல் ஏற்பட்டது. இச்சத்திரங்களில் மாடி அறைகளுக்குச் செல்லக் கட்டடத்துக்குள்ளே நடை கிடையாது. முற்றத்தைப் பார்த்தபடி மரத்தால் திறந்த நடையொன்று அமைத்து, அதன் வழியாகவே அறைக்கு அறை கதவு வைத்தார்கள். இதை ஆங்கிலத்தில் கேலரி என்கிறார்கள். மாடம், உப்பரிகை என்ற சொற்கள் பரிந்துரைக்கப்பட்டபோதிலும், அவை அரண்மனையை நினைவூட்டுவதால் 'மாடித் தாழ்வாரம்' என்றே எழுதினேன். நாற்சார் வீட்டில் வளர்ந்த எவருக்கும் நடுமுற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் உடனே கண்ணில் வரும். இங்கே அத்தாழ்வாரம் மாடியில் ஓடுகிறது, கீழே ஆட்களோடு குதிரைகளும் நிற்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் இத்தகைய சில முற்றங்களில் மேடை கட்டி நாடகமும் ஆடியிருக்கிறார்கள். லட்கேட் ஹில்லில் இருந்த பெல் சவேஜ் அவற்றுள் ஒன்று.

தொகுதியின் முதற்பக்கத்தில் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1747இல் வெளியிட்ட சாரட்டு வண்டிச் செதுக்கோவியத்தை வைத்திருக்கிறேன். அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். பருத்த பெண்ணொருத்தி வண்டியின் வாசலுக்குள் திணிந்து ஏறுகிறாள். வண்டியின் பின்னால் கட்டிய கூடையில் கிழவியொருத்தி புகைக்குழாயுடன் குந்தியிருக்கிறாள். கூரைமேல் காசு குறைந்த பயணிகள். சத்திரக்காரி மணியை அடித்துக் கத்துகிறாள். முற்றத்தின் பின்புறத்தில் தேர்தல் கூட்டமொன்று உருவப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆர்ப்பரிக்கிறது. இத்தனைக்கும் மேலே மாடித் தாழ்வாரம் ஓடுகிறது. பின்னாளைய வண்ணப் படங்களில் வண்டியும் குதிரையும் மினுங்குகின்றன. முற்றத்தின் நெரிசலும் கூச்சலும் தெரிவது ஹோகார்த்தின் இந்தப் படத்திலேதான்.

டபார்ட் சத்திரத்தின் படங்களுக்கு மட்டும் குறிப்புகளை மூன்று தடவை திருத்தி எழுதினேன். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சோசரின் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் யாத்திரிகர்கள் கேன்டர்பரிக்குப் புறப்பட்ட இடம் அதுவே என்பதால், 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றின் அடியில் அக்கட்டடமே சோசர் கண்ட கட்டடம் என்பதுபோல எழுதியிருக்கிறது. ஆனால் அந்தச் சத்திரம் 1676ஆம் ஆண்டுச் சதர்க் பெருந்தீயில் எரிந்துபோயிற்று. படங்களில் நாம் காண்பது அதன்பின் எழுந்து டல்பட் என்று பெயர் மாறிய கட்டடம். அதுவும் 1870களில் இடிக்கப்பட்டது. பிழையான குறிப்போடு தொகுதியை வெளியிடுவதைவிடத் தாமதித்து வெளியிடுவதே மேல் என்று நான் முடிவு செய்தேன். தொகுதி மூன்று மாதம் பிந்தியதற்கு விளக்கம் கேட்டு எழுதிய அங்கத்தவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

என் மனத்துக்கு மிக நெருக்கமானவை, புனித பவுல் பேராலயத்துக்கு அருகே வோரிக் ஒழுங்கையில் இருந்த ஒக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ் சத்திரத்தின் ஒளிப்படங்கள். 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீக்குப் பின் கட்டப்பட்ட அச்சத்திரம் இடிபடப் போகிறது என்று தெரிந்ததும், அல்ஃபிரட் மார்க்ஸ் என்பவர் 1875இல் அதைப் படமெடுக்க ஏற்பாடு செய்தார். அல்ஃபிரட் பூல், ஜோன் பூல் ஆகியோர் எடுத்த அப்படங்கள் சந்தாதாரர்களுக்கு அனுப்பப்பட்டன. ஒரு சத்திரத்தோடு முடியவிருந்த முயற்சி, சந்தா வந்துகொண்டிருந்ததால் 1886 வரை நீண்டு, பழைய லண்டன் கட்டடங்களின் நூற்றிருபது படங்களாக வளர்ந்தது. பின்னைய படங்களை ஹென்றி டிக்ஸன் எடுத்தார். வெள்ளி உப்பில் அச்சிட்ட படம் காலத்தில் மங்கிவிடும் என்பதால், மங்காத கரிம அச்சு முறையையே தெரிந்தெடுத்தார்கள். அதனால்தான் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி வரை நமக்கு இன்றும் தெளிவாகத் தெரிகிறது. சத்திரத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. படங்கள் தப்பின, அவற்றைத் தப்பவைத்தவர்கள் தவறாமல் சந்தா கட்டிய சில பேர்.

இனி வருத்தத்துடன் சொல்ல வேண்டியவை. ஐப்பசியில் ஜோர்ஜ் சத்திரத்தைப் பார்வையிடச் சென்றோம். லண்டனில் மாடித் தாழ்வாரத்தோடு எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1677இல் மீளக் கட்டப்பட்ட அதன் மூன்று பக்கங்களில் இரண்டைப் புகையிரதக் கம்பனி 1889இல் இடித்துவிட்டது. எஞ்சிய தென்பக்கம் 1937இல் பழஞ்சின்னங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்து பாதுகாப்புப் பெற்றது. பெயர் கொடுத்தவர்கள் பத்தொன்பது பேர். வந்தவர்கள் ஐந்து பேர். மழை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மழையில்தான் நாங்கள் ஐவரும் முற்றத்தில் குடையோடு நின்று, பழைய படத்தைக் கையில் பிடித்து, தாழ்வாரத்துத் தூண் ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். முற்றத்தில் நீர் தெறித்தபோதும் தாழ்வாரத்துப் பலகை நனையாமல் இருந்ததைக் கண்ட பிறகே, மேற்கூரையை அவர்கள் ஏன் அவ்வளவு வெளியே நீட்டினார்கள் என்று எனக்குப் புரிந்தது. வராத பதினான்கு பேருக்காகவும் முற்பணம் கட்டிய மதிய உணவின் நட்டம் சங்கத்தின் தலையில் விழுந்தது.

சந்தா விடயத்தில், அங்கத்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இவ்வாண்டுப் பணத்தை இன்னும் செலுத்தவில்லை. சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. மூன்று நினைவூட்டல் கடிதங்கள் அனுப்பினேன், தபாற்செலவு என்னுடையது. பெயர்களை இங்கு வாசிக்க நான் விரும்பவில்லை. தொகுதியிலிருந்து பார்வைக்கென எடுத்துச் செல்லப்பட்ட நான்கு பிரதிகளும் இன்னும் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று, 1889இல் இடிக்கப்பட்ட வைட் ஹார்ட் முற்றத்தின் படம். அதைப் பெறுவதற்கு ஆவணக் காப்பகமொன்றோடு நான்கு மாதம் கடிதத் தொடர்பு வைத்திருந்தேன் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. தொகுதிக்கான செலவு மதிப்பீட்டைச் சற்றே தாண்டியது. முழு விபரத்தைப் பொருளாளர் தமது அறிக்கையில் சமர்ப்பிப்பார்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மண்டபம் தந்துதவியவர்களுக்கும், விழாக்களில் சமையற்பொறுப்பை ஏற்ற அன்னையருக்கும், மழையில் வந்த நால்வருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் குளொஸ்டர் நகரத்து நியூ இன் சத்திரத்துக்குப் போக எண்ணியிருக்கிறோம். இரண்டாம் எட்வேர்ட் மன்னரின் சமாதியைத் தரிசிக்க வந்த யாத்திரிகர்களுக்காக, 1450 அளவில் அங்குள்ள மடத்தார் கட்டிய சத்திரம் அது. முற்றத்தின் சுற்றுத் தாழ்வாரம் இன்றும் நிற்கிறது. லண்டனில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்த நாம் அங்கே முழு முற்றத்தின் நடுவில் நின்று பார்க்கலாம். பேருந்துக்கு முன்பதிவு செய்யக் குறைந்தது இருபத்தைந்து பேரின் பணம் சித்திரை முடிவதற்குள் என் கைக்கு வரவேண்டும். இம்முறை பெயரை மட்டும் எழுதிக்கொள்ள மாட்டேன். செயலாளர் பொறுப்பில் மேலும் ஓராண்டு தொடருமாறு சிலர் அன்போடு கேட்டிருக்கிறார்கள். நிலுவைச் சந்தாவின் நிலையைப் பார்த்தபின் பதில் சொல்வதாகத் தலைவரிடம் தெரிவித்திருக்கிறேன். தொகுதி கூட்டம் முடியும் வரை பின்வரிசை மேசையில் இருக்கும். பக்கம் புரட்டுபவர்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு தொடும்படியும், வைட் ஹார்ட் படத்தை வைத்திருப்பவர் அதை அதன் வெற்றிடத்தில் சத்தமின்றிச் செருகிவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்