இரண்டாவது ரவுட்டரின் வேலையை நிறுத்தினால்தான் நெட்வொர்க் ஓடுகிறது: புகார்

பெறுநர்: மேலாளர், நெட்வொர்க் வடிவமைப்புப் பிரிவு

பொருள்: ஓஎஸ்பிஎஃப் – ரிப் இணைப்பில் வடிவமைப்புக் குறை

ஐயா / அம்மா,

எங்கள் புதிய கட்டடத்தில் ஓஎஸ்பிஎஃப் (OSPF) ஓடுகிறது. பழைய கட்டடத்துக் கருவிகளுக்கு ரிப் 2 (RIP 2) மட்டும்தான் தெரியும். இரண்டுமே ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறைகள். இரண்டையும் இணைக்க, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று சொல்லி இரண்டு சிஸ்கோ ரவுட்டர்களை வைத்தீர்கள். ஒப்படைக்கும் நாளில் இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதித்தீர்கள். அப்போது எல்லாம் சரியாகவே இருந்தது. இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கியதும் பழைய கட்டட சர்வர்கள் எட்டவில்லை. பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் அதே இரண்டு முகவரிகள் மாறி மாறி வருகின்றன.

உங்கள் உதவிப் பிரிவு இதை "ரவுட்டர் பழுது" என்கிறது. ரவுட்டர்கள் தாங்கள் செய்ய வேண்டியதைத்தான் செய்கின்றன. முதல் ரவுட்டர் ரிப் வழிகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் விடுகிறது (இப்படி விடுவதுதான் ரீடிஸ்ட்ரிபியூஷன்). இரண்டாவது அதே வழிகளை இரு பக்கமும் கேட்கிறது. ஓஎஸ்பிஎஃப்-இன் இயல்பு டிஸ்டன்ஸ் (எந்த முறை சொல்லும் வழியை நம்புவது என்பதற்கான எண்) 110, ரிப்புக்கு 120. குறைந்த எண்ணே வெல்லும் என்பதால் அது ஓஎஸ்பிஎஃப் வழியை எடுத்துக்கொண்டு, திரும்பவும் ரிப்புக்குள் விடுகிறது; அதுவும் நீங்கள் எழுதி வைத்த மெட்ரிக் 1-உடன், அதாவது ஒரே ஹாப் (தாண்ட வேண்டிய ரவுட்டர்) தூரம் என்று. உண்மையான வழிக்கு நான்கு ஹாப். முதல் ரவுட்டர் எதை நம்பும்? பாக்கெட்டுகள் இரண்டுக்கும் நடுவில் பந்தாடப்பட்டு, டிடிஎல் (ஒரு பாக்கெட் தாண்டக்கூடிய ரவுட்டர்களின் எண்ணிக்கை) தீர்ந்து சாகின்றன.

இரண்டு இடத்தில் இருபுறமும் ரீடிஸ்ட்ரிபியூஷன் செய்தால் இது வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். உங்கள் கான்ஃபிகில் ரூட் டேக் (ஒரு வழி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டும் குறி) ஒன்றுகூட இல்லை. ரிப் 2 டேகைத் தாங்கும், ஆகவே அதையும் சாக்காகச் சொல்ல முடியாது.

இப்போதைக்கு இரண்டாவது ரவுட்டரில் ரீடிஸ்ட்ரிபியூஷனை நிறுத்தி வைத்திருக்கிறேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மாற்றுவழிக்கென்று கொடுத்த பணம் சும்மா கிடக்கிறது. (புது ரவுட்டர் வாங்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை நான் பிரித்துப் படிக்கவே இல்லை.)

இரு திசையிலும் டேக் போட்டு, ஒரு புறத்திலிருந்து வந்த வழி அதே புறத்துக்குத் திரும்பாமல் வடிகட்டுங்கள். ஓஎஸ்பிஎஃப்-இன் வெளி வழிகளுக்கு (வேறு முறையிலிருந்து உள்ளே விடப்பட்டவற்றுக்கு) மட்டும் டிஸ்டன்ஸை 120-க்கு மேல் ஏற்றுங்கள். அப்புறம் இரண்டு ரவுட்டர்களும் ஓடும்போது என் முன்னிலையில் ஒவ்வொரு இணைப்பாகத் துண்டித்துக் காட்டுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் தர மாட்டேன். பதினைந்து நாளுக்குள் வேலை முடியாவிட்டால், இரண்டாவது ரவுட்டருக்கும் அதன் வடிவமைப்புக்கும் கொடுத்த தொகையைத் திருப்பித் தரவும்.

இரண்டு ரவுட்டர்களின் ரூட்டிங் டேபிளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்