தம்பியைத் தேற்றிவிட்ட எல்லோருக்கும்

முக்கூடலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், நர்சம்மாவுக்கும், பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கும் வணக்கம்.

என் தம்பிக்குக் காசநோய் குணமாகிவிட்டது. ஆறு மாத மாத்திரை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "நோய்ப் பேரை மறைக்காம எழுது" என்றான்.

அவன் படுத்திருந்த நாள்களில் அந்தக்காலத்து வைத்தியம் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1882-லேயே ராபர்ட் காக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அதன்பின் அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியம்தான் கதி. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் டென்மார்க்காரரான டாக்டர் ஃபிரிமோட் மோலர் நடத்தியது அப்படி ஒன்று. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு; டாக்டர்கள் கையில் பெரும்பாலும் அவ்வளவுதான் இருந்தது. அங்கெல்லாம் தேறி வீடு திரும்பிய ஏழைகள் பலர், பழைய வேலையில் இறங்கியதும் மறுபடி படுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற டாக்டர், நோயாளிகளை முதலில் கொஞ்ச தூரம் நடக்கவிட்டார். அப்புறம் கூடை சுமக்க, அதற்கப்புறம் மண்வெட்டி பிடிக்க என்று படிப்படியாக ஏற்றினார். அதே நாட்டில் வாரியர் ஜோன்ஸ் என்ற இன்னொரு டாக்டர் 1918-இல் பாப்வொர்த் என்ற ஊரில் ஒரு குடியிருப்பையே உண்டாக்கினார். தேறியவர்கள் குடும்பத்தோடு அங்கே தங்கி, தச்சு வேலை, பெட்டி செய்யும் வேலை என்று உடம்பு தாங்குகிற அளவுக்கு உழைத்துக் கூலி வாங்கினார்கள். படித்ததில் என் மனசில் நின்றது இதுதான்.

ஏனென்றால் தம்பிக்கு நீங்கள் செய்ததும் இதைத்தான். கல் குவாரியில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தூசிக்கு அவன் திரும்பியிருக்கவும் கூடாது. அண்ணாச்சிதான் கூப்பிட்டுக் கணக்கு எழுத உட்கார வைத்தார். முதலில் காலையில் மட்டும், பிறகு மதியம் வரை, இப்போது முழுநாள். மூட்டையைத் தொடவிட்டதில்லை.

எதிர்வீட்டு அத்தை முட்டையும் உளுந்தங்களியும் கொடுத்துவிட்டபடியே இருந்தார்கள். மாத்திரையால் குமட்டல் வந்து அவன் நிறுத்தப் பார்த்தபோது நர்சம்மா வீட்டுக்கே வந்து பேசினார்கள். டீக்கடையில் அவனுக்கென்று தனி கிளாஸ் எடுத்து வைக்கவில்லை. இதை நான் எந்நாளும் மறக்கமாட்டேன்.

வீட்டில் வைத்துப் பார்த்தாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது, சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. எங்களுக்கு ஒரு தெருவே இருந்தது.

இன்னும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாள்களில் கூலி பிடிக்கமாட்டேன் என்று அண்ணாச்சி இப்போதே சொல்லிவிட்டார். அதற்கும் சேர்த்து, அம்மா சார்பிலும் என் சார்பிலும் நன்றி.