நோகாமல் நுங்கு

செங்கோட்டை,
ஆடி 4

அன்புள்ள மல்லிகா,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் உன் தம்பி மனைவி இதற்குள் எனக்குச் சொல்லியிருப்பாள். பொங்கலுக்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. யார் கடன் பாக்கி என்று பார்க்கத் தொடங்கினால் ஊதாக் குடை விவகாரம் மாதிரி ஆகிவிடும், விடு. இந்த வருடம் சாரல் நன்றாக இருக்கிறது, துணிதான் காய்வதில்லை. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. நலம் விசாரிப்பு முடிந்தது.

சுதாவுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து இங்கேதான் இருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி வளையலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே, கடையில் சேலை விலை கேட்கிற குரலில் சொன்னாள்: "அம்மா, எனக்கு வலி தாங்காமல் போனால் முதுகில் எபிடூரல் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறேன்." நான் உடனே என் பிரசங்கத்தை எடுத்துவிட்டேன். ஆச்சி ஏழு பெற்றாள், ஐந்தாவதைப் பெற்ற அன்று சாயங்காலமே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், நான் பதினாறு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைப் பெற்றேன்... உனக்கு மனப்பாடமான பிரசங்கம்தான். முடித்துவிட்டு, சம்பந்தியம்மாள் நமக்கு ஒத்து ஊதுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். மாமியார்தானே, மருமகளுக்கு ஊசி வேண்டாம் என்றுதானே சொல்ல வேண்டும்? அந்த அம்மாள் குவைத்தில் இருபது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். பாயசத் தட்டை வழித்துக்கொண்டே கேட்டாள்: "வெறுதே எந்தினா வேதன தின்னுந்நது?" சும்மா எதற்கு வலியை அனுபவிக்க வேண்டும் என்கிறாள்.

மலையாளத்தில் வேதனையைத் தின்கிறார்கள், மல்லிகா. நாம் நுங்கைத் தின்கிறோம். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். உனக்கே இதற்குள் தெரிந்திருக்கும்.

மறுநாளிலிருந்து சண்டை. கொழுந்தனார் வேறு தினமும் 'இயற்கைப் பிரசவம்' என்று போனில் எதையாவது அனுப்பிக்கொண்டிருந்தார். 2018-இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் செத்துப்போனாளே, அதை நினைவுபடுத்தினேன். அன்றோடு அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆனால் அவர் வாயை அடைத்தவளுக்குத் தன் பெண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரி, டாக்டர் வாயாலேயே 'வேண்டாம்' என்று வரவழைத்துவிடலாம் என்று, சுதாவைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம், சம்பந்தி ஊரான புனலூரில் ஒரு மயக்க மருந்து டாக்டரிடம் போனேன். நோட்டில் இருபத்திரண்டு கேள்விகள், வரிசை எண் போட்டு. சின்னப் பெண், என் மாணவி வயது. இருபத்திரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது உனக்கு ஆபரேஷனுக்குப் போட்ட ஊசியை. இது வேறாம். உனக்குத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வைத் தாண்டி ஒரே தடவையாக மருந்தைப் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இதில் ஊசி சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஒரு மெல்லிய குழாயை விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும். வலி மட்டுப்படும், ஆனால் வயிறு இறுகுவது தெரியும், முக்கவும் முடியும். ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பது என் நான்காவது கேள்வி. அதற்கு ஆதாரம் இல்லை என்றாள். ஊசி போட்டால் கடைசியில் வயிற்றை வெட்ட வேண்டிவருமாமே என்பது ஐந்தாவது. ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, முக்கித் தள்ளும் கட்டம் மட்டும் சற்று நீளலாம் என்றாள். எனக்குச் சாதகமாகவும் சில கிடைத்தன: ரத்த அழுத்தம் இறங்கலாம், அரிப்போ காய்ச்சலோ வரலாம், நூறில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரும், சிலருக்கு ஒரு பக்கம் மரத்து மறுபக்கம் அப்படியே வலிக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் போடவே மாட்டார்கள். நான் சுதாவைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் ரத்தப் பரிசோதனைக்கு எந்த மாடி என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, "எல்லாம் வெட்டுக் கேஸ் ஆகிவிட்ட காலத்தில் சுகப்பிரசவத்துக்கு முயற்சியாவது செய்யலாமே" என்றேன். அது பொய்யில்லை. 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 சிசேரியன், கேரளத்தில் 38.9, இந்தியா முழுவதற்கும் 21.5. சுதா கேட்டாள்: "அந்த நாற்பத்தைந்தில் எத்தனை பேர் வலிக்குப் பயந்தே வெட்டச் சொன்னார்களோ, யாராவது கேட்டார்களா?" வங்கியில் கடன் பிரிவில் இருப்பவளிடம் கணக்குப் பேசக்கூடாது.

இன்னொரு வேடிக்கை. இருபத்தெட்டு வருடமாக 1858 விக்டோரியா அறிக்கையைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேனே, அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1853-இல், அதே மகாராணி எட்டாவது பிள்ளையைப் பெறும்போது கைக்குட்டையில் குளோரோஃபார்ம் தெளித்து முகர்ந்திருக்கிறாள். கொடுத்தவர் ஜான் ஸ்னோ. அடுத்த வருடம் லண்டனில் காலராவுக்கு ஒரு தண்ணீர்க் குழாயே காரணம் என்று கண்டுபிடித்தாரே, அவரேதான். மகாராணிக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், ஒன்பதாவது பிள்ளைக்கும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடப் புத்தகத்தில் இதைப் போட்டிருந்தால் பெண்கள் வகுப்பாவது விழித்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மாள் வந்திருந்தாள். பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தோம். எல்லை மலைமேலல்லவா இருக்கிறது, இந்த இடத்துக்கு ஏன் பார்டர் என்று பெயர் என்று கேட்டாள். முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் செங்கோட்டை இருந்தது, அப்போது எல்லை இங்கேதான் என்று பாடம் நடத்தினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, சுதா தூங்கிய பின், என் பதினாறு மணி நேரக் கதையைக் கேட்டாள். நான் வழக்கம்போல் நர்ஸின் கைக்கடிகார வாரைக் கடித்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அவள் சிரிக்கவில்லை. "கூட யார் இருந்தார்கள்?" என்றாள்.

யாரும் இல்லை, மல்லிகா. 1997. ஆஸ்பத்திரி பெயர் இப்போது எதற்கு? நான்கு கட்டில், திரை கிடையாது. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அம்மா வெளியே பிளாஸ்க்கோடு நின்றாள், உள்ளே விடவில்லை. கத்தினபோது ஆயா தொடையில் அறைந்து, 'அன்றைக்கு இனித்ததா' என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு முனகினாள். இதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. வலி மறந்துவிட்டது, சத்தியமாக. எப்படி வலித்தது என்று இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. தொடையில் விழுந்த அந்த அறையும் அந்தக் கேள்வியும் அப்படியே இருக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டு, பல்லைக் கடித்தேன், பல்லைக் கடித்தேன் என்று இத்தனை வருடம் பெருமை பேசியிருக்கிறேன்.

சம்பந்தியம்மாள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி இருந்து, நடக்கவிட்டு, முதுகை நீவிவிட்டால் ஊசி கேட்காமலே பெற்றவர்களைப் பார்த்திருக்கிறாளாம். ஊசி போட்டு வலியே இல்லாமல், தனியாகக் கிடந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறாளாம். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதிலும் இரண்டும் இருக்கின்றன: கேட்கிறவளுக்கு வலி நிவாரணம் கொடு, அவளுக்கு வேண்டிய ஒருவரைக் கூட இருக்க விடு. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இப்போது ஒரு பெண்ணைக் கூட விடுகிறார்கள். என் அம்மாவுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

இனி அந்த நுங்கு. 1998-இல் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உன் மாமியார் நாத்தனார் எல்லோர் முன்னாலும், "நோகாமல் நுங்கு தின்றுவிட்டாய்" என்றேன். நீ தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு பையனுக்குக் காது குத்தும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க வலி கண்டு, குழந்தையின் துடிப்பு குறைந்த பிறகுதான் உன்னை வெட்டினார்கள் என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். உன்னை வெள்ளைத் துணி போர்த்தி மரியாதையாகக் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறாமை.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். இன்று ஆடி 6. தேதியைத் திருத்தவில்லை.

முடிவு என்னவென்றால், சுதா முடிவு செய்யவில்லை. "வலி வந்த பிறகு சொல்கிறேன். கேட்டால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்கிறாள். இங்கே நான் பார்த்துவைத்த நர்சிங் ஹோமில் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் என்றால் கூப்பிட்டால் வருவார். ஒருத்தியின் வலிக்காக ராத்திரி முழுக்கக் காத்திருக்க மாட்டார். புனலூரில் ராத்திரியும் ஆள் உண்டு. ஆனால் நடுவில் ஐம்பது கிலோமீட்டர், மலைப்பாதை. புளியரை வளைவில் மணல் லாரி ஒன்று நின்றுவிட்டால் பிள்ளை ஆரியங்காவில்தான் பிறக்கும். அதனால் ஆடி கழிவதற்குள் சுதாவும் நானும் சம்பந்தி வீட்டுக்கே போகிறோம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல் தள்ளிவிட்டாள் என்று என் அத்தை தொடங்கினாள். சம்பந்தியம்மாள் விடவில்லை: "1956 வரை செங்கோட்டை எங்கள் ராஜ்யம். அப்படியானால் புனலூரும் தாய்வீடுதானே?" நான் நடத்திய பாடம் எனக்கே திரும்பி வந்துவிட்டது. மூன்று வாரம் மட்ட அரிசியும் மத்தி வாசனையும் என் தலையெழுத்து.

எனக்கு இன்னும் ஒரு நப்பாசை, ஊசி இல்லாமல் பெற்றுவிடுவாள் என்று. அதை அவளிடம் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன், உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கூட ஒருவரைத்தான் விடுவார்களாம். சுதா யோசிக்கவே இல்லை, மாமியாரைச் சொன்னாள். "அத்தை வரட்டும். நீ வந்தால் நீ அழுவாய், உன்னை நான் தேற்ற வேண்டும்" என்றாள். நியாயம்தான். ஆகவே, என் அம்மா மாதிரி நானும் பிளாஸ்க்கோடு வெளியேதான் உட்காரப் போகிறேன். பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு ஆள் வேண்டும், மல்லிகா. ஆவணி முதல் வாரம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து கொல்லம் எக்ஸ்பிரஸ் புனலூர் வழியாகத்தான் போகிறது. கோபம் இருந்தால் கோபத்தோடே வா, நேரில் திட்டு. அந்த ஊதாக் குடையையும் எடுத்துக்கொண்டு வா. அங்கேயும் மழைதான்.

உன்,
பார்வதி