பாட்டியின் மூக்குத்தி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் காதுகுத்து வீடியோவை ஹெச்டி ஆக்கி நீ அனுப்பிய கோப்பை நேற்றிரவு அம்மாவும் நானும் முழுவதும் பார்த்தோம். இனிப் பழைய கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

பாட்டி உன்னை மடியில் வைத்துக் குனியும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார். அவருடைய ஏழுகல் மூக்குத்தி ஒரே வெள்ளைக் கல்லாகிவிட்டது. கன்னத்துச் சுருக்கங்களும் வழித்தெடுத்தாற்போல மறைந்துவிட்டன. கேசட்டிலும் கற்களை எண்ண முடியாதுதான். ஆனால் பாட்டி தலையை அசைக்கும்போதெல்லாம் அங்கே ஒரு மினுக்கம் சிதறும். அது உண்மையில் கேமராவில் விழுந்த ஒளி.

அந்த மினிDV (டிஜிட்டல் வீடியோ) கேசட்டில் ஒரு ஃபிரேமுக்கு 720-க்கு 576, அதாவது 4,14,720 பிக்சல்களே, படப் புள்ளிகளே, உள்ளன. முழு ஹெச்டி திரையிலோ 1920-க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. டிவியோ டிவிடி பிளேயரோ படத்தைப் பெரிதாக்கும்போது, இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறது. மூலையில் 1080 என்று எழுத்து வந்தாலும் புதிதாக எந்த விவரமும் வந்துவிடுவதில்லை. நீ பயன்படுத்திய செயற்கை நுண்ணறிவுச் செயலி இன்னும் ஒரு படி மேலே போய், வேறு எத்தனையோ முகங்களைப் பார்த்துக் கற்றதை வைத்து, இந்த இடத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அந்த ஊகம்தான் பாட்டியின் கன்னத்தை வழவழப்பாக்கியது.

உண்மையான ஹெச்டியில் அந்தப் புள்ளிகள் எடுக்கும்போதே பதிவாகியிருக்கும். 35 மி.மீ. பிலிமில் எடுத்த பழைய படங்கள் புளூரேயில் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு: டிவிடியில் அடங்காத நுணுக்கம் நெகட்டிவிலேயே இருக்கிறது, அதைத் திரும்ப ஸ்கேன் செய்தால் வெளியே வருகிறது. நம் கேசட்டில் அப்படி ஒளிந்திருக்கும் சேமிப்பு இல்லை. இருப்பது அவ்வளவுதான், ஆனால் இருப்பதெல்லாம் நிஜம்.

நம் பழைய கேமரா இன்னும் ஓடுகிறது. ஃபயர்வயர் கேபிள் மாட்டிக் கணினியில் அப்படியே இறக்கினால், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகும். எதையும் மாற்றாமல் அந்தக் கோப்பை இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன். நாளை உன் மகளுக்குக் கொள்ளுப்பாட்டியைக் காட்டும்போது அதைப் போட்டுக் காட்டு.

அன்புடன்,
அப்பா