கடைசிப் பிளேனை நம்பாதே, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

"லண்டன் என்ன தூரமா அப்பா, ஒன்றே முக்கால் மணி நேரம்தானே" என்று போனில் சொன்னாய். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு கடைசிப் பிளேனைப் பிடித்து வந்துவிடுவேன் என்றும் சொன்னாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசிப் பிளேன் மட்டும் வேண்டாம்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்து இங்கே சுவிஸில் சூரிச்சுக்கு நேர்கோட்டில் சுமார் 790 கிலோமீட்டர். ஆகாயத்தில் இருப்பது ஒன்றே கால் மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய. டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றே முக்கால் மணி வேறு கணக்கு. அங்கே டயருக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்ததில் இருந்து, இங்கே நாங்கள் மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. பெட்டி இறக்குகிற வேலையில் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன், மிச்ச அரை மணியில் பெரும்பகுதி ஓடுபாதைக்குப் போகிற வரிசையில்தான் கழியும். ஹீத்ரோவுக்கு இருப்பது இரண்டே ஓடுபாதை. இடைவெளியே இல்லாமல் பிளேன்கள் ஏறி இறங்கும். காலையில் ஒன்று பிந்தினால், அதே பிளேன் அடுத்தடுத்த பயணத்திலும் பிந்தி, இரவில் உன் தலையில் வந்து விடியும்.

சூரிச்சில் இரவு 11 மணியோடு அட்டவணை முடிந்துவிடும். பிந்தி வருகிறவற்றை 11.30 வரை இறங்க விடுவார்கள், அதற்குப் பிறகு தனி அனுமதி வேண்டும். சுற்றுவட்டாரத்துச் சனங்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று வைத்த சட்டம், நல்ல சட்டம்தான். ஆனால் நேரத்துக்குள் வந்து சேராது என்று தெரிந்தால் உன் பிளேன் லண்டனில் இருந்து வெளிக்கிடாமலே நின்றுவிடும். இங்கே 11.30 என்றால் உங்களுக்கு 10.30. அப்படியென்றால் அங்கே ஒன்பதே காலுக்காவது பிளேன் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும்.

அதனால் சனி காலை முதல் பிளேனில் வா. மேல்காற்று மேற்கில் இருந்து அடிப்பதால் இந்தப் பக்கம் வரும்போது பின்னால் நின்று தள்ளும், திரும்பும்போதுதான் எதிர்க்காற்று. மணிக்கூட்டைப் பார்த்து ஏமாறாதே. இங்கே 7 மணிக்கு ஏறினால், ஒரு மணி நேர வித்தியாசத்தால் 8 மணிக்குள் லண்டன் என்று காட்டும், அதை நம்பி ஞாயிறு இரவு யாருக்கும் நேரம் கொடுத்துவிடாதே.

நீண்ட லீவு என்றால் ரயிலிலும் வரலாம். பாரிஸுக்கு யூரோஸ்டாரில் இரண்டேகால் மணிக்குச் சற்றுக் கூட, பிறகு ஸ்டேஷன் மாறி இங்கே வர நாலு மணி சொச்சம். யூரோஸ்டார் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே லாச்சப்பல், நம் தமிழ்க் கடைத்தெரு. அம்மாவுக்கு முருங்கைக்காய் வாங்கி வந்தால் உனக்குத்தான் கறி.

பிளேனில் வந்தால் பெட்டி போடாதே, கைப்பை போதும். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நேரே கீழே ஸ்டேஷனுக்கு இறங்கு, நம் ஊர் விண்டர்தூருக்குக் கால் மணிதான். டிக்கெட் எடுத்ததும் நேரத்தை வாட்ஸ்அப்பில் போடு, ஷிஃப்டை மாற்றிக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா